பஸ் நேரத்துக்குக் கிளம்பியது

அன்பான முதியோர் மன்ற மடல் வாசகர்களே, எல்லோரும் சௌக்கியமா? முட்டிவலிக்காரர்கள் எப்படி இருக்கிறீர்கள்? இந்தக் குளிர் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் ஏப்ரல் வரைக்கும் எழுந்திருக்காது. ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். நான் இரண்டு கையிலும் போட்டுக்கொண்டேன். ஒன்று ஃப்ளூவுக்கு. இன்னொன்று எதற்கு என்று நர்ஸ் சொன்னாள், மறந்துவிட்டது.

அக்டோபர் பயணம் முடிந்த கையோடு நான் எழுதும் கட்டுரை இந்தத் தடவை தாமதமாகத்தான் உங்கள் கைக்கு வருகிறது. அதற்கு மன்னிக்க வேண்டும். என் பெயரோடு 'தாமதம்' என்ற வார்த்தை சேர்ந்து வருவதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு ஆட்கள் வருவதும், சோபாவில் உட்கார்வதும், கேள்வி கேட்பதும், நான் காபி போட்டுக் கொடுப்பதுமாக நாட்கள் ஓடிவிட்டன.

நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். லூசில் தெபோ எங்களோடு அந்தச் சூனியக்காரி ஊர் சேலத்துக்கு வந்தாள், எங்களோடு திரும்பவில்லை. டிரைவர் அர்மாண்டை பஸ் கம்பெனி வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது. அவர் கவனக்குறைவால்தான் ஒரு உயிர் போனது என்று ஊரில் பேசுகிறார்கள். சர்ச் வாசலில் பேசுகிறார்கள், தபால் நிலையத்தில் பேசுகிறார்கள், முடிவெட்டும் கடையில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பேசுகிறார்கள். எனக்கு வம்பு பிடிக்காது. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டால் பேச்சு நின்றுபோகும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் பஸ்ஸின் முறையைச் சொல்லிவிடுகிறேன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது. பயணம் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. பஸ் கிளம்பும்போது டிரைவர் "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பார். ஜோடியில் ஒருத்தி கையைத் தூக்கி, "என் ஜோடி இருக்கா" என்பாள். அவ்வளவுதான். தலையை எண்ணுவது எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் மனிதர்களுக்குப் பிடிக்காது. நாங்கள் என்ன கன்றுக்குட்டிகளா என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் வாயால் சொன்ன பிறகு, எட்டிப் பார்த்துச் சரிபார்ப்பது மரியாதை இல்லை. இந்த முறையை ஏற்படுத்தியது நான்தான். இத்தனை வருஷத்தில் ஒருவரைக்கூடத் தொலைத்ததில்லை.

என் ஜோடி லூசில். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. வேறு யாரும் அவளை எடுத்துக்கொள்ளவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து எங்களுக்குப் பழக்கம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், நூல் மில்லில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரக் குடும்பம் அவளுடையது. வகுப்புக்கும் தாமதமாக வருவாள், தன் கல்யாணத்துக்கும் தாமதமாக வந்தாள். அவள் கணவன் சாகும்போதுகூட ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தாள். என் கணவர் ஏர்ல் அப்படியில்லை. மார்ச் மாதம் தாண்டாது என்று டாக்டர் சொன்னார். மார்ச்சில் போனார்.

லூசிலைப் பற்றி நான் கெட்டதாக எதுவும் சொல்லப் போவதில்லை. நல்லவள். சிரித்தால் பஸ் முழுக்கக் கேட்கும். போர்ட்லாண்ட் கலங்கரை விளக்கத்துக்குப் போனபோது, நண்டுக்கூடை பின்னுகிற ஒருவரோடு பேசிக்கொண்டே நின்று பஸ்ஸைக் காக்க வைத்தாள். வெர்மான்ட்டில் பாலாடைக்கட்டிக் கடையில் காணாமல்போனாள். ஒவ்வொரு தடவையும் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறும்போது எல்லோரும் கைதட்டினார்கள். இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். நேரத்துக்கு வந்து, கோட்டை மடித்து வைத்து, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களுக்கு ஒரு தடவையாவது யாராவது கைதட்டினார்களா? தட்டவில்லை. அதற்காக நான் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்டவர்களைச் சமாளிக்க எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பஸ் நாலு மணிக்கு என்றால் அவளிடம் மட்டும் மூன்றரை என்பேன். அவள் மூன்றரைக்கு வர வேண்டியவள் நாலுக்கு வந்து சேருவாள், ஓடிவந்ததற்கு மன்னிப்பும் கேட்பாள். பாவம், கடைசிவரை அவளுக்கு அது தெரியாது.

அன்றைக்கு நல்ல நாள். வானத்தில் மேகம் இல்லை. மேப்பிள் மரங்கள் நெருப்பாகச் சிவந்திருந்தன. நெடுஞ்சாலை முழுக்க எங்களைப் போலவே இலை பார்க்கக் கிளம்பிய வண்டிகள். மத்தியானம் இதமான வெயில் வரும் என்று ரேடியோவில் சொன்னதால் எல்லோரும் கோட்டை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கினோம். சாயங்காலம் கடல் காற்று ஊசியாகக் குத்தும், அதற்குள் கிளம்பிவிடுவோம் என்பதுதான் கணக்கு.

அக்டோபரில் சேலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேய்த் திருவிழா மாதம், சூனியக்காரி மாதிரி கூம்புத் தொப்பி வைக்காத ஆளைப் பார்ப்பது கஷ்டம். பல் டாக்டர் வீட்டு வாசலில் எலும்புக்கூடு உட்கார்ந்திருந்தது. பஸ் நின்ற முனையில் ஒரு டீக்கடை. அதன் வாசல் பெஞ்சில் வைக்கோல் திணித்த இரண்டு பொம்மைக் கிழவிகள், பூப்போட்ட கவுன், பின்னல் சால்வை, காலடியில் பூசணிக்காய். பார்ப்பவர்கள் எல்லாம் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். லூசிலும் உட்கார்ந்தாள். நானும் மன்றத்துப் பெவர்லியும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வில்மா, இந்த ரெண்டு பேரும் யாரு மாதிரி இருக்காங்க சொல்லு?" என்றாள்.

"எனக்குத் தெரியலை. எழுந்து வா, விசாரணைக்கு நேரமாச்சு."

"இது பெவர்லி. இது நீ. வைக்கோலு கூட உன்னை மாதிரி கொஞ்சம் வெறப்பா இருக்குடி."

பெவர்லி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

விசாரணை என்றால், முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் சூனியக்காரிகள் என்று சொல்லி அக்கம்பக்கத்துப் பெண்களைத் தூக்கில் போட்டார்களே, அந்த விசாரணையை நாடகமாக நடத்துகிறார்கள். பார்க்கிறவர்கள்தான் ஜூரி. கேள்வியும் கேட்கலாம். கூண்டில் நின்ற பெண் நன்றாகத்தான் நடித்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு அவளிடம் சரியான பதில் இல்லை. நான் எழுந்து, "அப்ப அன்னிக்கு எங்கதான் இருந்தீங்க?" என்று கேட்டேன். உடம்பு சரியில்லை என்றாள். உடம்பு சரியில்லை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கடைசியில் குற்றவாளி என்று நினைப்பவர்கள் எழுந்து நிற்கச் சொன்னார்கள். எங்கள் வரிசையில் நான் மட்டும்தான் நின்றேன்.

"அடிப்பாவி, அந்தப் பொண்ணைத் தூக்குல போட்டுட்டியே," என்றாள் லூசில்.

"சாட்சியத்தை வெச்சுதான் முடிவு பண்ணணும், லூசில். பாவம் பாத்தா நடக்காது."

"இவளை மட்டும் அந்தக் காலத்துல ஜட்ஜா போட்டிருந்தா ஊர்ல ஒரு பொம்பளை மிஞ்சியிருக்க மாட்டா," என்றாள் பெவர்லி.

வெளியே வரும்போது, அதைச் செய்தவர்கள் பேய்கள் இல்லை, சாதாரண அக்கம்பக்கத்தவர்கள்தான் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். எனக்கு வருத்தமாக இருந்தது. படிப்பறிவு இல்லாத காலம்.

இனி மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன். இதுதான் முக்கியம். துறைமுகத்துப் பக்கம் ஒரு உணவகத்தில் சிப்பி சூப் குடித்துக்கொண்டிருந்தோம். ஜோன், உங்களுக்கெல்லாம் தெரியும், மன்றத்தின் செயலாளர், தட்டில் இருந்த பிஸ்கட்டை ஒடித்துச் சூப்பில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"வில்மா, நாங்க எல்லாரும் பேசிக்கிட்டோம். நீ எத்தனை வருஷமா இந்தப் பயண வேலையைத் தலைல தூக்கிட்டு அலையற. அடுத்த வருஷத்துலேர்ந்து நீ நிம்மதியா உக்காந்து வாயேன். லூசில் பாத்துக்கட்டுமே."

"லூசிலா?" என்றேன்.

"ஏன், எனக்கென்ன?" என்றாள் லூசில். சூப் அவள் முகவாயில் வழிந்திருந்தது. "நான் ஒரு ஐடியா சொல்றேன் கேளுங்க. பஸ் எப்பக் கெளம்பணும்னு நேரமே வெக்க வேணாம். எல்லாருக்கும் எப்பப் போதும்னு தோணுதோ, அப்பக் கெளம்பலாம். சமாதானமா இருக்கும்ல?"

மேஜை முழுக்கக் கைதட்டினார்கள்.

நான் கோபப்படவில்லை. நான் கோபப்பட்டதாகப் பெவர்லி போலீஸிடம் சொல்லியிருந்தால் அது அவள் கற்பனை. அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். எப்போது தோன்றுகிறதோ அப்போது கிளம்பும் பஸ்ஸில் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போனால் ஒரு நாள் பெரிய ஆபத்து வந்து சேரும். யாராவது பின்தங்கிப்போவார்கள். குளிரில் மாட்டிக்கொள்வார்கள். ஜனங்களுக்குச் சொன்னால் புரியாது. நேரில் பார்த்தால்தான் புரியும்.

சாப்பிட்டு முடித்து, அவரவர் இஷ்டத்துக்குக் கடை பார்க்கப் பிரிந்தோம். லூசில் என் தோளைத் தட்டி, "எத்தனை மணிக்குடி வரணும்?" என்று கேட்டாள்.

"அஞ்சு மணி," என்றேன்.

"அஞ்சா? நாலுன்னு யாரோ சொன்னாங்களே."

"மாத்தியாச்சு. எல்லாரும் கொஞ்சம் நேரம் வேணும்னாங்க."

அவளுக்கு ரொம்ப சந்தோஷம். "பாத்தியா, நீயே மாறிட்ட," என்று என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். எத்தனையோ வருஷம் அவள் நன்மைக்காக அரை மணி முன்னால் சொல்லி வந்தேன். அன்றைக்கு ஒரு மணி பின்னால் சொன்னேன். இரண்டும் ஒரே ஜாதிப் பொய்தான். அதற்கு என்னை யாரும் குறை சொன்னதில்லை, இதற்கு மட்டும் சொன்னால் நியாயமாகாது.

நான் முன்னாலேயே பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். அர்மாண்ட் கீழே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் இருக்கை முன்பக்கம் மூன்றாவது வரிசை, ஜன்னல் பக்கம் லூசில். அவள் கோட்டு அங்கேயே கிடந்தது, பெரிய தொப்பி வைத்த பச்சைக் கோட்டு. அதற்குள் என் கைப்பையையும், கடையில் வாங்கிய கம்பளி நூல்கண்டுகளையும் திணித்து, ஜன்னலோரம் சாய்த்து வைத்தேன். தொப்பியை இழுத்துவிட்டு, கழுத்தில் மப்ளரைச் சுற்றினேன். எனக்குக் கைவேலை வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்போது கோட்டுப் பையில் அவளுடைய மாத்திரை டப்பா என் கையில் தட்டுப்பட்டது. நெஞ்சுக்கான மாத்திரை, சாயங்காலம் ஒன்று போட்டே ஆக வேண்டும். கீழே விழுந்து தொலைந்துவிடக் கூடாது என்று ஜிப்பைப் போட்டு மூடினேன். போனும் அந்தப் பையில்தான் இருந்தது.

நாலு மணிக்கு எல்லோரும் ஏறிவிட்டார்கள். பெவர்லி போகிற போக்கில் பார்த்து, "ஐயோ பாவம், ஆடுன ஆட்டத்துக்கு அசந்துபோயிட்டா," என்றாள்.

"சத்தம் போடாதே," என்றேன்.

அர்மாண்ட் ஏறிவந்து கேட்டார். "எல்லாரும் வந்தாச்சா?"

ஒவ்வொரு வரிசையாகக் கை தூக்கினார்கள். நானும் தூக்கி, "என் ஜோடி இருக்கா" என்றேன்.

அவர் என் பக்கத்தில் குனிந்தார். நல்ல மனிதர், எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். "மிஸஸ் ஸ்டாக்வெல், மிஸஸ் தெபோ ஏறுனதை நான் பாக்கவே இல்லையே."

"நீங்க சிகரெட் பிடிச்சிட்டிருந்தீங்க, அர்மாண்ட்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பணி நேரத்தில் புகைப்பது கம்பெனிக்குத் தெரியக் கூடாது. "சரி மேடம், தூங்கட்டும்," என்று போய் உட்கார்ந்தார். தூங்குகிற ஒரு பெண்மணியின் தொப்பியைத் தூக்கிப் பார்க்க நாகரிகமானவர்களுக்கு எப்படி மனம் வரும்? பஸ் நேரத்துக்குக் கிளம்பியது. அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை.

முக்கால் மணி நேரம் போனதும் கோட்டுக்குள் போன் அடித்தது. லூசிலின் போனில் பழைய நடனப் பாட்டு ஒன்று அலறும். நான் எடுத்துப் பார்த்தேன், தெரியாத எண். நின்றது. திரும்பவும் அடித்தது. நின்றது. மூன்றாவது தடவை அடித்தபோது பின்னாலிருந்து ஜோன் குரல் கொடுத்தாள். "லூசில், போனை எடு, இல்லாட்டா நிறுத்தும்மா. இங்க தூங்கறாங்க." நியாயமான பேச்சு. மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று அணைத்துவிட்டேன்.

ஊர் வந்ததும் குளிரில் எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு அவரவர் காருக்கு ஓடினார்கள். லூசில் வீடு மன்றத்துக்கு நேர் எதிரே, நடந்தே போய்விடுவாள். அதனால் அவள் எப்படிப் போவாள் என்று யாரும் கேட்கவில்லை. நான் என் கைப்பையையும் நூல்கண்டுகளையும் எடுத்துக்கொண்டேன். கோட்டைத் தொடவில்லை. அது என்னுடையது இல்லையே. பஸ்ஸைக் கூட்டும்போது அர்மாண்ட் அதைப் பார்த்திருக்கிறார். லூசில் எதையாவது மறந்துவைக்காத பயணம் உண்டா? மறுநாள் கொடுக்கலாம் என்று கொக்கியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். இதைத்தான் இப்போது அவர் குற்றம் என்கிறார்கள்.

சேலத்தில் நடந்ததைப் பிறகு போலீஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர்கள் விசாரித்தபோது சொன்னது அந்தப் பொம்மைக் கிழவிகள் இருந்த டீக்கடையில் வேலை பார்க்கும் பெண்.

லூசில் பஸ் நின்ற முனைக்கு ஐந்து மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டாளாம். பிறந்ததிலிருந்து முதல் தடவை. பஸ் இல்லை. இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு டீக்கடைக்குள் போய், அந்தப் பெண்ணின் போனை வாங்கி, தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணைக் கூப்பிட்டிருக்கிறாள். அது அவளுடைய எண். தன் போன் பஸ்ஸில்தான் இருக்கிறது, நான் எடுப்பேன் என்று நினைத்திருக்கிறாள். எடுக்கவில்லை என்றதும் அந்தப் பெண், "போலீஸைக் கூப்பிடட்டுமா மேடம்? உள்ளே உக்காருங்க, வெளியில குளிருது," என்றிருக்கிறாள்.

"அதெல்லாம் வேணாம் கண்ணு. என் ஜோடி வில்மா இருக்கா. சூரியன் தப்பினாலும் அவ நேரம் தப்ப மாட்டா. என்னை விட்டுட்டு ஒருநாளும் போக மாட்டா. இன்னிக்கு அவளுக்கு முன்னாடி நான் வந்துட்டேன் பாரு, அவ பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்த மூஞ்சியை நான் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு, ஆப்பிள் டோனட் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாளாம். வைக்கோல் கிழவிகளுக்கு நடுவில். குளிருக்கு ஒரு கிழவியின் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பெண் பின்வாசல் வழியாகக் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். பஸ் வந்து அழைத்துப் போயிருக்கும் என்று நினைத்தாளாம். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். சின்னப் பெண், வயது அப்படி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நல்ல கூட்டம். காலையிலிருந்து பெஞ்சில் மூன்று கிழவிகள். ஜனங்கள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு குடும்பம் லூசிலின் மடியில் பூசணிக்காயை வைத்து எடுத்திருக்கிறது. நடுவில் இருப்பதுதான் மூன்றிலும் தத்ரூபமாக இருந்தது என்று அந்த அம்மாள் போலீஸிடம் சொன்னாளாம். அந்தப் படத்தை எனக்கும் காட்டினார்கள். லூசில் நன்றாக விழுந்திருந்தாள். அவளுக்கு எப்போதுமே படம் நன்றாக விழும். மத்தியானம் மழை தூறியபோது பொம்மைகளை உள்ளே எடுத்து வைக்கக் கடைக்காரி வந்தாள். இரண்டைத் தூக்கிக்கொண்டு போனாள். மூன்றாவது கனத்தது.

சேலத்திலிருந்து வந்த பெண் அதிகாரி மரியாதையான பெண். காபிக் கோப்பைக்கு அடியில் தட்டு வைத்துக் குடித்தாள்.

"அவங்க பஸ்ல ஏறுனதை நீங்க பாத்தீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"நாங்க ஒண்ணாத்தான் ஏறுவோம்," என்றேன். அது உண்மை.

"வழியில அவங்க இல்லைங்கறது உங்களுக்குத் தெரியலையா?"

"நான் தூங்கிட்டேன் கண்ணு. முழிச்சப்ப கோட்டு மட்டும் இருந்துச்சு. பின்னாடி ஜோன்கிட்ட அரட்டையடிக்கப் போயிருப்பாள்னு நெனச்சேன்." அது உண்மையில்லை. ஆனால் என் வயதில் தூங்கிவிட்டேன் என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

மற்றதை எல்லாம் லூசிலின் பெயரே பார்த்துக்கொண்டது. ஏறினவள் எதையாவது வாங்க மறுபடி இறங்கியிருப்பாள் என்றாள் பெவர்லி. போனைக்கூடக் கோட்டுப் பையிலேயே மறந்திருப்பாள் என்றாள் ஜோன். "அம்மா கடைசி வரைக்கும் லேட்டுதான்," என்று அழுதான் அரிசோனாவிலிருந்து வந்த அவள் மகன் டெனி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்களுக்கு நீங்கதான் எல்லாம், ஆன்ட்டி. எத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டீங்க," என்றான். ஒருவராவது அதைக் கவனித்திருக்கிறார்களே என்று எனக்கு நிறைவாக இருந்தது. இறுதிச் சடங்குக்கு நான் பீன்ஸ் கேசரோல் செய்துகொண்டு போனேன். பாத்திரம் இன்னும் டெனியிடம்தான் இருக்கிறது.

மன்றக் கூட்டத்தில், இனி ஒருபோதும் பயணத்துக்கு நேரம் வைக்காமல் இருக்க முடியாது என்று எல்லோரும் கண்ணீரோடு ஒப்புக்கொண்டார்கள். பொறுப்பை மறுபடி என்னிடமே கொடுத்தார்கள். நான் வேண்டாம் என்றேன். வற்புறுத்தினார்கள்.

இதோடு விட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அர்மாண்டுக்குப் பதிலாகக் கம்பெனி ஒரு புது டிரைவரை அனுப்பியிருக்கிறது, காதில் எதையோ செருகிக்கொண்டு திரியும் ஆள். நவம்பரில் நன்றிநாள் விருந்துக்குக் கான்கார்ட் போனபோது வழி தெரியாமல் சுற்றி, முக்கால் மணி தாமதமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தான். வான்கோழி ஆறிப்போயிருந்தது, கிரேவியில் ஆடை படிந்துவிட்டது. நாங்கள் ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, "அதான் வந்துட்டோம்ல," என்றான். அன்று இரவு நான் படுக்கையில் புரண்டேன். லூசில் போன அன்றுகூட நான் நன்றாகத்தான் தூங்கினேன்.

இனிக் கிறிஸ்துமஸ் விளக்குப் பயணம் வருகிறது. அதற்கும் இவன்தான் வண்டி ஓட்டுவான் என்றால் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. ஆகவே பஸ் கம்பெனிக்கும், அந்தப் பெண் அதிகாரிக்கும், உங்கள் எல்லோருக்கும் தெளிவாகச் சொல்கிறேன். அர்மாண்ட் பேரில் ஒரு தப்பும் இல்லை. அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். நான்தான் லூசிலிடம் ஐந்து மணி என்று சொன்னேன். நான்தான் கோட்டை அடைத்து வைத்தேன். நான்தான் போனை அணைத்தேன். அவள் எங்கே உட்கார்ந்து, யாருக்காகக் காத்திருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். சாயங்காலம் எவ்வளவு குளிரும் என்பதும் தெரியும். தயவுசெய்து அர்மாண்டை டிசம்பர் பயணத்துக்குள் வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு நாளும் தாமதமாக வந்தவர் இல்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

இனி உங்கள் முறை. உங்களுக்கும் பயணத்தில் இப்படி ஒருத்தி வாய்த்திருப்பாள், எல்லோரையும் காக்க வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வருகிறவள். அவளை நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று மன்ற மடலுக்கு ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். என்னைப் போலவே கடைசிவரை கோபப்படாமல், பொறுமையாக இருந்தவர்கள் முதலில் எழுதுங்கள்.